பஸ் ஏறும் முன்பே தொழுகையைத் தீர்மானியுங்கள்: கஸ்ரு, ஜம்உ, களா – புதியவர்களுக்கான செய்முறை

திருமணம் முடிந்து நாகூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு நான் முதன்முதலாகப் போன நாளில் லுஹரும் (நண்பகல் தொழுகை) அஸரும் (பிற்பகல் தொழுகை) எனக்குத் தவறிப்போயின. வண்டி நிறையப் புது உறவினர்கள். நிறுத்தச் சொல்லக் கூச்சம். "ஊர் போய்ச் சேர்ந்ததும் களாச் செய்துகொள்ளலாம்" என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். களா என்றால் நேரம் தவறிய தொழுகையைப் பிறகு நிறைவேற்றுவது. வாசலில் இறங்கும்போது மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். ஒளுச் செய்துவிட்டு விரிப்பில் நின்றபோது மாமி அருகில் வந்து, "லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழும்மா, பயணத்தில் தவறியதுதானே" என்றார். "இல்லை மாமி, வீட்டுக்கு வந்துவிட்டால் நான்குதான் என்று எனக்கு ஓதிக்கொடுத்தார்கள்" என்றேன். ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று.

அவர் ஹனஃபீ, நான் ஷாஃபிஈ. இருவர் சொன்னதும் அவரவர் மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) சரி. அன்றிரவு என்னை வருத்தியது அந்த வேறுபாடு அல்ல. அந்த இரண்டு தொழுகைகளும் களாவாகாமல் இருப்பதற்குத்தானே மார்க்கம் வழி செய்து வைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விட்டேனே என்பதுதான். "ஊருக்குப் போய் களாச் செய்யலாம்" என்பது சலுகை அல்ல. வேண்டுமென்றே நேரத்தைத் தவறவிடுவது பாவம். சலுகையின் பெயர்கள் கஸ்ரு (பயணத்தில் சுருக்கித் தொழுதல்), ஜம்உ (இரு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுதல்). அவற்றை முறையாகச் செய்வது எப்படி என்பதை என் நாகூர்–திண்டுக்கல் பாதையை வைத்தே சொல்கிறேன். நான் பின்பற்றும் ஷாஃபிஈ முறை முன்னால் வரும், ஹனஃபீ முறை மாறும் இடங்களில் அதையும் சொல்வேன்.

இந்தச் சலுகையை ஏற்கத் தயங்குகிறவர்கள் உண்டு. குர்ஆனின் 4:101 வசனம், எதிரிகள் தீங்கு செய்வார்கள் என்று அஞ்சினால் தொழுகையைச் சுருக்குவதில் குற்றமில்லை என்கிறது. "இப்போதுதான் அச்சமில்லையே, பிறகு ஏன் சுருக்க வேண்டும்?" என்ற கேள்வி நபித்தோழர்களுக்கும் எழுந்தது. உமர் (ரலி) அதை நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார். அது அல்லாஹ் உங்களுக்குத் தந்த தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் பதில். இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் இது இருக்கிறது. தர்மமாக வந்ததை வேண்டாம் என்று ஒதுக்குவது பேணுதல் ஆகாது.

முதல் படி: உங்கள் பயணம் கஸ்ருக்குரிய பயணமா?

தூரத்தைப் பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 16 ஃபர்ஸக் தூரம் வேண்டும். இன்றைய அளவில் அது 80 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் என்று பலரும் கணக்கிடுகிறார்கள். ஹனஃபீ மத்ஹபில் மூன்று நாள் நடைத் தூரம். நம் பக்கத்து ஹனஃபீ ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் அதை 48 மைல், ஏறக்குறைய 77 கிலோமீட்டர் என்று சொல்வார்கள். போகும் தூரத்தை மட்டும் எண்ணுங்கள், திரும்பி வருவதைக் கூட்டாதீர்கள்.

நாகூரிலிருந்து காரைக்காலுக்கோ கும்பகோணத்துக்கோ போனால் கஸ்ரு இல்லை. தஞ்சாவூர் எல்லைக்கோட்டில் நிற்கும் ஊர். அப்படிப்பட்ட ஊருக்குப் போகும்போது நீங்கள் செல்லும் பாதையை அளந்து, ஊர் ஆலிமிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் சுமார் 240 கிலோமீட்டர். சந்தேகமே இல்லை.

பாவமான நோக்கத்துக்காகப் போகிறவருக்கு ஷாஃபிஈ மத்ஹபில் இந்தச் சலுகை கிடையாது. போகுமிடம் இன்னதென்று தெரிந்திருக்கவும் வேண்டும். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: வெள்ளிக்கிழமை ஸுப்ஹு (அதிகாலைத் தொழுகை) நேரம் வந்த பிறகு, ஜும்ஆ தவறிப்போகும்படி புறப்படுவது ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது.

இரண்டாம் படி: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

பெட்டியைக் கட்டி வாசலில் வைத்ததும் ஒருவர் முஸாஃபிர் (பயணி) ஆகிவிடுவதில்லை. ஊரின் கட்டடங்களைக் கடக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் லுஹரை நான்காகத் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, துல்ஹுலைஃபாவில் அஸரை இரண்டாகத் தொழுதார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார். துல்ஹுலைஃபா மதீனாவுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் போய்க்கொண்டிருந்ததோ மக்காவுக்கு. ஆகவே 80 கிலோமீட்டர் கடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஊர் எல்லை தாண்டினால் போதும். திரும்பும்போது சொந்த ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் பயணம் முடிந்துவிடும்.

போன இடத்தில் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் கிளம்பும் நாளும் போக முழுதாக 4 நாள் தங்கும் எண்ணம் இருந்தால், அங்கே போய்ச் சேர்ந்ததுமே முழுத் தொழுகைதான். வெள்ளிக்கிழமை வந்து செவ்வாய்க்கிழமை கிளம்பினால் இடையில் சனி, ஞாயிறு, திங்கள் என மூன்றே நாள். அதனால் கஸ்ரு உண்டு. புதன்கிழமை கிளம்புவதாக இருந்தால் நான்கு நாள் ஆகிவிடும், கஸ்ரு இல்லை. ஹனஃபீ மத்ஹபில் 15 நாளோ அதற்கு மேலோ தங்கும் எண்ணம் இருந்தால்தான் முழுமையாகத் தொழ வேண்டும்.

பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "பிறந்த வீட்டுக்குப் போனால் கஸ்ரு உண்டா?" என்பதுதான். திருமணமாகிக் கணவன் ஊரிலேயே நிலையாகக் குடியேறிவிட்ட பெண்ணுக்குப் பிறந்த ஊர் இனி குடியிருக்கும் ஊர் அல்ல. தூரமும் நாட்கணக்கும் பொருந்தினால் அங்கே அவள் முஸாஃபிர். உம்மா வீட்டில் இரண்டு ரக்அத்தோடு ஸலாம் கொடுப்பது முதலில் மனத்துக்கு என்னவோ போல இருக்கும். எனக்கும் இருந்தது.

மூன்றாம் படி: கஸ்ராகத் தொழும் முறை

நான்கு ரக்அத் ஃபர்ளுகள் (கட்டாயத் தொழுகைகள்) மட்டுமே இரண்டாகும். லுஹர் 2, அஸர் 2, இஷா (இரவுத் தொழுகை) 2. மஃரிப் 3, ஸுப்ஹு 2 என்று அவை இருந்தபடியே இருக்கும்.

தொடக்கத்தில் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் கட்டும்போதே மனத்தில் கஸ்ரு என்ற நிய்யத்து (எண்ணம்) இருக்க வேண்டும். "லுஹருடைய ஃபர்ளு இரண்டு ரக்அத்தைக் கஸ்ராக அல்லாஹ்வுக்காகத் தொழுகிறேன்" என்று நினைத்தால் போதும். நிய்யத்தை மறந்து கட்டிவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் நான்காகத்தான் முடிக்க வேண்டும். பிறகு இரண்டாவது ரக்அத்தின் இருப்பில் அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும் முழுமையாக ஓதி ஸலாம் கொடுங்கள். அவ்வளவுதான்.

ஷாஃபிஈயில் கஸ்ரு அனுமதி, நீண்ட பயணத்தில் அதுவே சிறப்பு. ஹனஃபீயில் அது வாஜிபு (கட்டாயம்). ஹனஃபீ முஸாஃபிர் தனியாகத் தொழும்போது வேண்டுமென்றே நான்காகத் தொழக் கூடாது.

வழியில் பள்ளிவாசலுக்குப் போய் ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) சேர்கிறவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. உள்ளூர் இமாம் நான்கு தொழவைக்கிறார். நீங்கள் கடைசி ரக்அத்தில் சேர்கிறீர்கள். "இரண்டோடு முடித்துக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். முழுமையாகத் தொழுகிறவரைக் கொஞ்ச நேரம் பின்பற்றினாலும் நீங்களும் நான்கு தொழ வேண்டும். மாறாக முஸாஃபிர் இமாமாக நின்றால், அவர் இரண்டில் ஸலாம் கொடுத்ததும் உள்ளூர்க்காரர்கள் எழுந்து மீதியைத் தாங்களே முடிப்பார்கள். உமர் (ரலி) மக்காவில் இப்படித் தொழவைத்துவிட்டு, "மக்காவாசிகளே, உங்கள் தொழுகையை நீங்கள் முழுமைப்படுத்துங்கள், நாங்கள் பயணிகள்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான்காம் படி: ஜம்உ, அதாவது சேர்த்துத் தொழுதல்

லுஹரையும் அஸரையும் சேர்க்கலாம். மஃரிபையும் இஷாவையும் சேர்க்கலாம். ஸுப்ஹை எதனோடும் சேர்க்க முடியாது. அஸரையும் மஃரிபையும் சேர்க்க முடியாது.

இப்போது என் பாதைக்கு வாருங்கள். காலை 11 மணிக்கு நாகூரில் பஸ் ஏறுகிறேன். லுஹர் பன்னிரண்டேகாலுக்கு வருகிறது. 3 மணிக்குத் திருச்சியில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். ஷாஃபிஈ கணக்கில் அஸர் சுமார் மூன்றரைக்கு. திண்டுக்கல் சேர மாலை ஐந்தே முக்கால் ஆகும்.

திருச்சியில் லுஹர் நேரம் இன்னும் இருக்கிறது. ஆகவே பின்னதை முன்னதன் நேரத்துக்குக் கொண்டுவருகிறேன். இதற்கு ஜம்உ தக்தீம் என்று பெயர். முதலில் லுஹர், பிறகுதான் அஸர் என்ற வரிசை மாறக் கூடாது. லுஹர் தொழுகை முடிவதற்குள் "அஸரையும் இதனோடு சேர்க்கிறேன்" என்ற நிய்யத்து வந்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழக் கூடாது. லுஹரை இரண்டாகத் தொழுது ஸலாம் கொடுக்கிறேன், உடனே எழுந்து இகாமத் (தொழுகை தொடங்கும் அழைப்பு) சொல்லி அஸர் இரண்டு. நடுவில் சுன்னத்து (கட்டாயமல்லாத தொழுகை) தொழுவதோ நீண்ட துஆக் கேட்பதோ கூடாது. அஸருக்குத் தக்பீர் கட்டும்வரை பயணியாக இருக்க வேண்டும், இருக்கிறேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அஸர் நேரத்துக்குள் வீடு சேர்ந்தாலும் திரும்பத் தொழ வேண்டியதில்லை.

இன்னொரு வகை ஜம்உ தஃகீர். முன்னதைப் பின்னதன் நேரத்துக்குத் தள்ளிப்போடுவது. லுஹர் நேரத்திலேயே பஸ் ஓடிக்கொண்டிருந்தால், அந்த நேரம் முடிவதற்குள் "லுஹரை அஸரோடு சேர்த்துத் தொழுவேன்" என்று மனத்தில் உறுதி கொள்ள வேண்டும். இந்த நிய்யத்து இல்லாமல் நேரம் கடந்தால் அது ஜம்உ அல்ல, தவறவிட்ட தொழுகை. முதல் பயணத்தில் நான் செய்தது அதுதான். அன்று மனத்துக்குள் அந்த ஒரு நிய்யத்தை வைத்து, மஃரிபுக்கு முன் வழியில் எங்காவது பத்து நிமிடம் இறங்கியிருந்தால் களா என்ற பேச்சே வந்திருக்காது. தஃகீரில் இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டையும் தொழுது முடிக்கும்வரை பயணம் நீடிக்க வேண்டும். தொழாமல் சொந்த ஊருக்குள் நுழைந்துவிட்டால் லுஹர் களாவாகிவிடும், பாவமில்லை என்றாலும் இரண்டையும் நான்கு நான்காகத் தொழ வேண்டியிருக்கும். வீடு திரும்பும் பயணத்தில் எனக்குத் தக்தீமே நிம்மதி.

ஹனஃபீ மத்ஹபில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் ஹாஜிகள் சேர்ப்பதைத் தவிர இந்த வகை ஜம்உ இல்லை. மாமி என்னோடு வரும்போது திருச்சியில் லுஹரை மட்டும் இரண்டாகத் தொழுவார். அவருடைய அஸர் நாலேகால் அளவில்தான் வரும். அதைத் திண்டுக்கல் வந்து வீட்டில் நான்காகத் தொழுவார், ஊருக்குள் வந்ததும் அவர் முஸாஃபிர் அல்லவே. நீண்ட வழியில் ஹனஃபீகள் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் அடுத்தடுத்துத் தொழுதுகொள்வார்கள். ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில்தான் இருக்கும், இறங்குவது மட்டும் ஒருமுறை.

கிப்லா நமக்கு மேற்கிலிருந்து சற்று வடக்காக இருக்கிறது. இறங்கும் இடத்தில் பெண்கள் தொழ வசதியுள்ள பள்ளிவாசல் எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரயிலில் நின்று கிப்லாவை நோக்க முடிந்தால் அப்படியே தொழுங்கள். பஸ் நிற்கவே இல்லை, ஜம்உவுக்கும் வழியில்லை, ஸுப்ஹு நேரம் முடியப்போகிறது என்றால், ஷாஃபிஈ மத்ஹபில் நேரத்தின் கண்ணியத்துக்காக இருக்கையில் முடிந்தபடி தொழுதுவிட்டு, இறங்கிய பின் மீண்டும் தொழ வேண்டும்.

ஐந்தாம் படி: அப்படியும் தவறிவிட்டால்

கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் உறங்கிவிட்டார்கள். காவலுக்கு இருந்த பிலால் (ரலி) அவர்களும் கண்ணயர்ந்தார். வெயில் சுட்டபோதுதான் விழித்தார்கள். அங்கிருந்து சற்று நகர்ந்து, ஒளுச் செய்து, பிலால் இகாமத் சொல்ல, ஸுப்ஹைத் தொழுதார்கள். மறந்தவரும் உறங்கியவரும் நினைவு வந்ததும் தொழ வேண்டும், அதற்கு வேறு பரிகாரம் இல்லை. அலாரம் அடித்தும் எழ முடியாமல் போன காலையில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: அழுதுகொண்டிருக்காமல் எழுந்து தொழுங்கள்.

காரணமின்றி விட்டதையும் களாச் செய்தாக வேண்டும் என்பது நான்கு மத்ஹபுகளின் தீர்ப்பு. வேண்டுமென்றே விட்டதற்குக் களா இல்லை, தவ்பாவும் (பாவமன்னிப்புக் கோருதலும்) அதிகமான நஃபிலும்தான் (விருப்பத் தொழுகைகளும்தான்) என்று இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் கருதினார்கள். அதைப் பின்பற்றுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். நான் களாச் செய்கிறேன். கடன் என்று மனம் சொல்வதைக் கொடுத்துத் தீர்ப்பதில்தான் எனக்கு அமைதி.

ரக்அத் எண்ணிக்கையில் அன்று மாமியும் நானும் நின்ற இடம் இது. ஹனஃபீயில் தொழுகை எப்படிக் கடமையானதோ அப்படியே களா: பயணத்தில் தவறியது வீட்டிலும் இரண்டு, வீட்டில் தவறியது பயணத்திலும் நான்கு. ஷாஃபிஈயில் பயணத்தில் தவறியதைப் பயணத்திலேயே களாச் செய்தால் மட்டும் இரண்டு, மற்ற எல்லா நிலையிலும் நான்கு.

வரிசையில் நாங்கள் ஒத்துப்போனோம். லுஹர், அஸர், பிறகு மஃரிப். அகழ்ப் போரின்போது அஸர் தவறிய நாளில் நபி (ஸல்) அவர்கள் சூரியன் மறைந்த பின் அஸரைத் தொழுதுவிட்டே மஃரிபைத் தொழுதார்கள். ஹனஃபீயில், தவறியவை ஆறுக்குக் குறைவாக இருந்தால் இந்த வரிசை வாஜிபு. ஷாஃபிஈயில் சுன்னத்து. சூரியன் உதிக்கும்போதும் உச்சியில் நிற்கும்போதும் மறையும்போதும் ஹனஃபீகள் களாத் தொழுவதில்லை. ஷாஃபிஈகள் எந்நேரமும் தொழலாம். ஹனஃபீயில் தவறிய வித்ருக்கும் (இஷாவுக்குப் பின் தொழுவது) களா உண்டு.

பல வருடத் தொழுகை பாக்கி இருப்பவர்கள் ஒரு நோட்டு வாங்குங்கள். பருவமடைந்த காலம் முதல் எத்தனை வருடம் விட்டிருப்பீர்கள் என்று, குறைத்து மதிப்பிடாமல் எழுதுங்கள். ஹிஜ்ரி ஆண்டொன்றுக்கு 354 நாள், அதாவது 1770 தொழுகை. ஒவ்வொரு ஃபர்ளுடனும் அதே நேரத்துக் களா ஒன்றைத் தொழுதால் ஒரு வருடத்தில் ஒரு வருடக் கடன் தீரும். நேரம் கிடைக்கும் நாட்களில் கூடுதலாகத் தொழுங்கள். தொழுததும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள்.

பெண்கள் ஹைளு (மாதவிடாய்) நாட்களைக் கணக்கில் கழித்துவிடுங்கள். அந்த நாட்களின் நோன்புக்குக் களா உண்டு, தொழுகைக்கு இல்லை. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில், லுஹர் நேரம் வந்து தொழ அவகாசம் இருந்தும் தொழாமல் ஹைளு வந்துவிட்டால், அந்த லுஹரைச் சுத்தமான பிறகு களாச் செய்ய வேண்டும். அஸர் நேரத்தில் சுத்தமானால் அஸரோடு அன்றைய லுஹரும் கடமை. இஷாவில் சுத்தமானால் மஃரிபும் சேரும். ஹனஃபீயில் சுத்தமான அந்த நேரத்துத் தொழுகை மட்டுமே. நோட்டில் இதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.