குவியலுக்க பெயாரிங் தேடின கதை

மாமாவின்ர திருநெல்வேலி கராஜில கிடக்கிற பழைய சாமான் குவியலுக்க பெயாரிங்கைக் கண்டுபிடிக்கோணும் எண்டு டெப்த் கமரா (ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில கிடக்கு எண்டு அளக்கிற கமரா) வச்சு புரோகிராம் எழுதினன், தனிய மேசையில வச்சா டக்கெண்டு பிடிக்கும், குவியலுக்க போட்டா மேசையின்ர தட்டையே பெயாரிங் எண்டு சொல்லும். ரெண்டு கிழமை மண்டை காஞ்சுது.

முதல்ல ரான்சாக்கால (பொருந்தாத புள்ளியளை விட்டிட்டு, கனக்கப் புள்ளி பொருந்துற தளத்தைத் தேடிப் பிடிக்கிற முறை, 1981ல பிஷ்லரும் போல்ஸும் தந்தது, இப்பவும் கை குடுக்குது) மேசைத் தளத்தை வெட்டி எறிஞ்சன். பேந்து பாத்தா, பாதி மறைஞ்சு கிடக்கிற சாமான் பெயாரிங்கின்ர மாதிரி உருவத்தோட 70 வீதம் பொருந்தோணும் எண்டு போட்டிருக்கிறன், விசர் வேலை! 30க்கு இறக்கினன், அதால வந்த பிழையானதுகளை, கிட்டக் கிடக்கிற புள்ளியோட புள்ளி சேர்த்து ரெண்டு உருவத்தையும் பொருத்திப் பாக்கிற ஐசிபி எண்ட முறையால கழிச்சன்.

மினுங்கிற இரும்பில மட்டும் டெப்த் ஓட்டை ஓட்டையா வந்தது, மாமியின்ர முகப் பவுடரை மெல்லிசாத் தூவினாப் பிறகுதான் சரிவந்தது. மாமி இன்னும் பேசுறா.