ஜின்ஷான்லிங் பெருஞ்சுவரில் கோடை நடை: இறக்கத்துக்குத் தயாராகுங்கள்

சீனப் பெருஞ்சுவரின் ஜின்ஷான்லிங் பகுதியில் நான் நடந்தது ஒரு ஜூலை மாதம். மூச்சு வாங்கியது ஏற்றத்தில்தான். ஆனால் மறுநாள் படியிறங்க விடாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டது இறக்கம். அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, மாடிப்படி ஏறுவதோடு நிற்காமல் மெதுவாக இறங்கியும் பழகுங்கள்.

இடம் பெய்ஜிங்குக்கு வடகிழக்கே, ஹெபெய் மாகாணத்தில், சுமார் 130 கிலோமீட்டர். கையில் பாஸ்போர்ட் இருக்கட்டும். கிழக்கு வாசலில் ஏறி, ஐந்து சன்னல் கோபுரத்தைப் பார்த்துவிட்டு மேற்கு நோக்கி நடங்கள். காலை வெயில் முதுகில் விழும். எதிர்த்திசையில் போனால் கண்ணைக் குத்தும். நின்று நின்று போனால் நான்கு மணி நேரம் ஆகும். பக்கத்துப் பெருஞ்சுவர்ப் பகுதியான ஸிமாதாய் வரை சுவர்மேலேயே போகலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும். அந்த வழி மூடப்பட்டுவிட்டது, நம்பிப் போகாதீர்கள்.

சுவர்மேல் மரநிழல் கிடையாது. செங்கல் வெயிலைக் குடித்துவிட்டுக் காலடியிலிருந்து அனலடிக்கும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, முழுக்கைச் சட்டை, காற்றில் பறக்காதபடி நாடா வைத்த தொப்பி. இதில் எதையும் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு காவல் கோபுரத்திலும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். தடித்த சுவர், எதிரெதிர் சன்னல்கள். உள்ளே காற்று அவ்வளவு சுகமாக வரும்.

சிறிய ஜின்ஷான் கோபுரத்தை ஒட்டிய படிகளில் அவசரமே கூடாது. படிகள் ஒரே உயரமாக இல்லை. ஒன்று கணுக்கால் அளவு, அடுத்தது முழங்கால் அளவு. பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையைச் சுவரில் வைத்து இறங்குங்கள். பாதையின் குறுக்கே குட்டைச் சுவர்கள் வரிசையாக நிற்கும். எதிரி சுவர்மேல் ஏறிவிட்டாலும் வீரர்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி, அவற்றின் துளைகள் வழியே எய்வதற்காகக் கட்டியவை. அங்கே ஒரு நிமிடம் நின்று, கீழிருந்து ஏறி வருபவனாக உங்களை நினைத்துப் பாருங்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தளபதி சி ஜிகுவாங் 1568இல் வடஎல்லைக்கு வந்த பிறகு உருவான காவல் அமைப்பு இது. சில செங்கற்களில் கட்டிய படைப்பிரிவின் பெயரோடு 'வான்லி ஐந்தாம் ஆண்டு' என்ற முத்திரை இருக்கும், அதாவது சீனப் பேரரசர் வான்லியின் ஆட்சிக்கால ஐந்தாம் ஆண்டு, 1577. ஊன்றுகோல் கொண்டுபோனால் நுனிக்கு ரப்பர் உறை போடுங்கள், அந்தச் செங்கலைக் கீற வேண்டாம்.

அப்புறம் மழை. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலில் திடீரென்று இடிமழை கொட்டும். கோபுரங்கள் முகட்டின் உச்சியில் இருப்பதால் மின்னலுக்கு அங்கே ஒதுங்கக் கூடாது. பெரிய ஜின்ஷான் கோபுரத்துக்குச் சற்று முன்னால் எனக்கு முதல் இடி கேட்டது. அடுத்து வந்த இறங்கும் பாதையில் அப்படியே இறங்கிவிட்டேன். நீங்களும் இறங்கிவிடுங்கள்.