மெக்கானிக்கிடம் போகும் முன்: காரில் நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய வேலைகள்

"ஏர் ஃபில்டர் போயிடுச்சு, மாத்திடலாமா?" என்று மெக்கானிக் கேட்டால் நம்மில் பலரும் யோசிக்காமல் தலையாட்டிவிடுகிறோம். அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும், போனால் எப்படித் தெரியும் என்று எதுவும் தெரியாதபோது வேறென்ன செய்வது? ஏமாற்ற நினைப்பவருக்கு அந்தத் தலையாட்டலே போதும். நேர்மையான மெக்கானிக்குகள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் யார் அப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்வதற்காவது நமக்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்ஜினைப் பிரித்துப் போடச் சொல்லவில்லை. ஸ்குரூட்ரைவரும் ஸ்பேனரும் பிடிக்கத் தெரிந்தால் முடிகிற வேலைகள் மட்டும்தான் இங்கே. இவற்றில் மிச்சமாகும் பணம் ஒருபக்கம் இருக்கட்டும். நம் கையால் கழற்றிப் பார்த்த பாகத்தைப் பற்றி யாரும் நம் காதில் பூ சுற்ற முடியாது என்பதுதான் பெரிய லாபம்.

தேவையானவை

முதலில், காரோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். எந்த ஆயில், எந்த பல்பு, எந்த ஃபியூஸ் எங்கே என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு ஸ்குரூட்ரைவர் செட், ஸ்பேனர் செட் (10 மி.மீ. அளவுதான் அதிகம் தேவைப்படும், அடிக்கடி காணாமல் போவதும் அதுதான்), வோல்ட் அளக்க மலிவான மல்டிமீட்டர், டயர் காற்று பார்க்கும் கேஜ், டார்ச், கையுறை, பழைய துணி. இவ்வளவு போதும்.

எந்த வேலைக்கும் காரைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஆற விடுங்கள். மோதிரம், வளையல், உலோக வாட்ச் எதுவும் கையில் வேண்டாம். இன்னொன்று: சில கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றும். அதன் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

1. முதலில் ஒரு சுற்றுப் பார்வை

இன்ஜின் ஆயிலிலிருந்து ஆரம்பிக்கலாம். வண்டியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவி, துடைத்து, முழுசாகத் திரும்பச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்.

ஆயில் கறுப்பாக இருப்பதைக் காட்டி "பார்த்தீங்களா, எப்படிக் கெட்டுப்போயிருக்கு" என்று சொல்வது ரொம்பப் பழைய உத்தி. ஆயில் கறுத்துப்போவது சகஜம். டீசல் காரில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கறுத்துவிடும். எப்போது மாற்ற வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும் கிலோமீட்டரும் மாதக் கணக்கும்தான் தீர்மானிக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் நுரைத்திருந்தால் கதை வேறு. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலோடு கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதற்கு மேல் ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கூலன்ட் டேங்க் வெளியிலிருந்தே பார்க்கும்படி இருக்கும். அளவு மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். பிரேக் பேட் தேயத் தேய அதன் அளவு மெல்லக் குறையும். அதனால் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பி மறந்துவிடாமல், பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்தால் வெளிப்பக்க பேட் நமக்கே தெரியும். டிஸ்க்கை ஒட்டி நிற்கும் அந்தப் பட்டை 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அளவு சட்டென்று இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அப்போது வண்டியை எடுக்காதீர்கள்.

2. ஏர் ஃபில்டர்

பானட்டைத் திறந்ததும், தடித்த ரப்பர் குழாய் ஒன்று கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போவது தெரியும். அந்தப் பெட்டிக்குள்தான் ஃபில்டர் இருக்கிறது. மூடியின் ஓரத்தில் இரும்புக் கிளிப்போ ஸ்குரூவோ இருக்கும். கிளிப்பை நெம்பி விடுவித்து மூடியைக் கொஞ்சமாகத் தூக்குங்கள். அதில் சென்சார் ஒயர் ஒன்று மாட்டியிருக்கலாம், இழுத்துவிடாதீர்கள்.

ஃபில்டரை எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று ஃபோனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து மெதுவாகத் தட்டி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவினால் அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. மேல்பக்கம் லேசாகப் பழுப்பேறியிருப்பது ஒரு குறையே அல்ல. மடிப்பெல்லாம் தூசி அப்பி அடைத்திருந்தாலோ, ஆயில் நனைந்திருந்தாலோ, கிழிந்திருந்தாலோ மாற்றுங்கள். புதியதை வைக்கும் முன் பெட்டியின் அடியில் கிடக்கும் சருகையும் மண்ணையும் துணியால் துடைத்தெடுங்கள். ரப்பர் விளிம்பு சுற்றிலும் சரியாக உட்கார்ந்ததும் மூடியை வைத்துக் கிளிப்புகளைப் போடுங்கள். அவ்வளவுதான் வேலை.

ஏசி காற்றுக்கு இன்னொரு ஃபில்டர் உண்டு, கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டில் இருக்கும் சாமான் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அந்தப் பெட்டியின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே இறங்கும். புதிய ஃபில்டரின் ஓரத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டுகிறது. பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அப்படியே வையுங்கள். வேறு ஏதோ காரின் அழுக்கு ஃபில்டரைக் கொண்டுவந்து "உங்களுடையதுதான்" என்று காட்டும் ஆட்களும் உண்டு. உங்களுடையது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வேலை பலிக்காது.

3. பேட்டரி

அதிகம் பணம் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. உடனே "பேட்டரி போச்சு" என்று புதியதை நம் தலையில் கட்டிவிடுவார்கள். பேட்டரி நன்றாகவே இருந்து, டெர்மினல் மட்டும் பூத்துப்போயிருக்கலாம்.

பேட்டரியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பொடியாகப் படிந்திருந்தால் கரன்ட் சரியாகப் போகாது. முனையில் ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கையால் அசைத்தும் பாருங்கள், ஆடக் கூடாது.

சுத்தம் செய்ய, கையுறை போட்டுக்கொண்டு முதலில் மைனஸ் கிளாம்பைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. காரின் உடம்பு முழுக்க மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போதே பிளஸ்ஸைக் கழற்றப் போய், ஸ்பேனரின் மறுமுனை பக்கத்து இரும்பில் பட்டால் தீப்பொறி பறந்துவிடும். பேக்கிங் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் அந்தப் படிவு நுரைத்துக் கரையும். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு, இந்த முறை பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இறுக்கிய பிறகு மேலே லேசாக வாஸலின் தடவினால் சீக்கிரம் பூக்காது. கடிகாரம், ரேடியோ போன்றவற்றை மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு அளந்தால், முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லி அந்த நொடியில் பாருங்கள்: சார்ஜ் இருந்தும் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி நிஜமாகவே தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது சாதாரணமாக 13.7 முதல் 14.7 வரை இருக்கும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் பெரும்பாலும் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம்தான் கோளாறு. அந்த நிலையில் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் சீக்கிரமே படுத்துவிடும்.

4. ஃபியூஸ், பல்பு, வைப்பர்

ஹாரன், சார்ஜர் சாக்கெட், வைப்பர் ஏதாவது ஒன்று மட்டும் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் முதல் சந்தேகம் ஃபியூஸ்மேல்தான். பெட்டி எங்கே என்று கையேட்டில் படம் இருக்கும். பெட்டிக்குள்ளேயே சின்னப் பிளாஸ்டிக் இடுக்கியும் பெரும்பாலும் இருக்கும். சாவியை எடுத்துவிட்டு ஃபியூஸை உருவி வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பெரியதைப் போட்டாலோ கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினாலோ ஒயரிங்கே எரிந்துவிடும். புதியதும் உடனே போனால் ஒயரில் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அது எலக்ட்ரீஷியன் வேலை.

ஹாலஜன் ஹெட்லைட் பல்பின் கண்ணாடியை வெறும் கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகம் சூடேறி பல்பின் ஆயுளைக் குறைக்கும். வைப்பர் பிளேடு மாற்றுவது சுலபம். ஆனால் பிளேடு இல்லாத இரும்புக் கை கண்ணாடியில் விழுந்தால் விரிசல்தான், அதனால் கண்ணாடியில் துணி மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஸ்டெப்னி மாற்றுவது

ஜாக்கி போடும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போது, நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம்தான் சுற்றும். எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் வையுங்கள். சக்கரம் மாற்றும்போது நட்டுகளை எதிரெதிராகக் கையால் பூட்டி, வண்டியை இறக்கியபின் அதே வரிசையில் இறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது.

பஞ்சர் ஒட்டக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு ஓட்டையோடு போய் நான்கோடு திரும்புவது அபூர்வம் இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழி வரும் இடம் மட்டும்தான் பஞ்சர்.

6. இன்ஜின் விளக்கு எரிந்தால்

டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்தால், காரின் கம்ப்யூட்டர் ஏதோ கோளாறைப் பதிவு செய்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் படிக்க ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி (OBD) என்ற சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் விற்ற எல்லாக் கார்களிலும் உண்டு, பிறகு மற்ற நாடுகளிலும் பரவியது. அதில் ஒரு சின்ன புளூடூத் ரீடரைச் செருகினால் ஃபோனிலேயே பிழை எண் தெரியும். பி0301 (P0301) என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று அந்த எண் சொல்லாது. பி0420 வந்ததும் "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாத்தணும்" என்று, புகையைச் சுத்தப்படுத்தும் அந்தப் பாகத்துக்குப் பெரிய தொகை சொன்னால் நிதானியுங்கள். சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும் சென்சார் கெட்டிருந்தாலும் அதே எண் வரலாம். பி0455 வந்தால் பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது, பெட்ரோல் மூடியை முதலில் இறுக்கிப் பாருங்கள். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, முடிந்த சீக்கிரம் ஓரங்கட்டுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

கை வைக்கக் கூடாதவை, ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

பிரேக்கைப் பிரிப்பது, ஸ்டியரிங், ஏர்பேக், பெட்ரோல் லைன், ஏசி கேஸ், ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற ஒயர்கள் எல்லாம் தெரிந்தவர்களுக்கு. ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது "பேட்டரியை மாத்துங்க" என்று தீர்வைச் சொல்லாமல், "காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, அளந்தா 12.5 வோல்ட் காட்டுது" என்று பிரச்சினையைச் சொல்லுங்கள். என்ன வேலை, எந்தப் பாகம், எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கூடுதலாக ஏதாவது செய்வதானால் கேட்காமல் தொடக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். மாற்றப்போவதாகச் சொன்ன பாகத்தில் முன்கூட்டியே மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், திரும்பி வருவது உங்களுடையதுதானா என்று தெரிந்துவிடும். பேட்டரி, ஆல்டர்னேட்டர் போன்றவற்றைப் புதியதற்கு ஈடாகக் கடையே எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்போது கொடுத்துவிடும் முன் அந்தப் புள்ளியையும் சீரியல் எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்.