கேட்டரிங் படிக்கிறவர்களே, இறாலை உரித்த பிறகு எடை போடுங்கள்

வருடா வருடம் ஹோட்டல் ட்ரெயினிங்குக்குப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். தவறுகள் மட்டும் அதே பழைய தவறுகள். அதில் பாதி, அந்த வயதில் நாங்களும் செய்ததுதான். நேரத்துக்கு வருவது, நகம் வெட்டுவது, கெஸ்ட் எதிரில் போனை நோண்டாமல் இருப்பது பற்றியெல்லாம் கல்லூரியிலேயே காது புளிக்கச் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"செஃப் ஆகத்தான் வந்தேன்" என்று முதல் நாளே அறிவிப்பது

அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ் கீப்பிங்கில் போட்டால் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அறை விற்ற பணத்தில் மிஞ்சுகிற அளவுக்குச் சாப்பாடு விற்ற பணத்தில் மிஞ்சாது என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை போல. ஒரு கட்டிலுக்குக் குறைந்தது மூன்று செட் விரிப்பு வேண்டும்: கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று. அங்கே கற்ற இதே கணக்குதான் நாளைக்கு பேங்க்வெட்டில், அதாவது விருந்துகளில், மேசைத் துணிக்கும் நாப்கினுக்கும் கைகொடுக்கும்.

பில் விலையை வைத்து காஸ்டிங் போடுவது

இதற்குத்தான் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது.

கடல் உணவுத் திருவிழா ஒன்றுக்கு இறால் தொக்குக்கு விலை போடும் வேலையை ஒரு ட்ரெயினிப் பையனிடம் கொடுத்திருந்தார்கள். கெட்டிக்காரன்தான். தலையும் ஓடுமாக இறால் கிலோ 600 ரூபாய் என்று வாங்கிய பில்லில் இருந்தது. பிளேட்டுக்கு 150 கிராம், ஆக 90 ரூபாய். வெங்காயம், எண்ணெய், மசாலாவுக்கு 30. மொத்தம் 120. ஃபுட் காஸ்ட், அதாவது விற்கும் விலையில் பொருள் செலவின் பங்கு, 30 சதவீதம் வர வேண்டும் என்பதால் 400 ரூபாய் என்று மெனுவில் ஏற்றிவிட்டான். கணக்கில் பிழை இல்லை என்று மேலே இருந்தவரும் கையெழுத்துப் போட்டார். தொக்கு அமோகமாகப் போனது. முதல் நாள் ராத்திரியே தீர்ந்துவிட்டது என்று பையனுக்கு ஒரே சந்தோஷம்.

மாதக் கடைசியில் ஃபுட் காஸ்ட் ஏறி நின்றபோது, திருட்டு நடக்கிறதோ என்று ஸ்டோர்காரரைத்தான் முதலில் பிடித்தார்கள். பாவம் அந்த மனிதர்.

பையனைக் கூப்பிட்டு ஒரு கிலோ இறாலைக் கொடுத்து உரிக்கச் சொன்னேன். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்து, கழுவி வடியவிட்டு தராசில் வைத்தான். 480 கிராம். ஓடும் தலையும் பக்கத்துப் பாத்திரத்தில் குவிந்து கிடந்தன. அவற்றுக்கும் சேர்த்துத்தானே 600 ரூபாய் கொடுத்தோம்? அப்படியானால் உரித்த இறால் கிலோ 1,250 ரூபாய். பிளேட்டில் போகும் 150 கிராமுக்கு 187.50. மசாலாவையும் சேர்த்தால் 217.50. அதை 400க்கு விற்றால் ஃபுட் காஸ்ட் 54 சதவீதத்தைத் தாண்டுகிறது. சம்பளம், கேஸ், கரண்ட், வாடகை எல்லாம் மீதியில்தான் வர வேண்டும். தொக்கு அதிகம் விற்க விற்க மாதக் கணக்கு இன்னும் மோசமாகிக்கொண்டே போனது.

30 சதவீதத்தில் நிற்க வேண்டுமானால் 725 ரூபாய் வைக்க வேண்டும். அந்த ஊரில் அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். அப்போது அளவில் கை வைக்க வேண்டும்: பிளேட்டுக்கு 100 கிராம் என்றால் 525க்கு விற்கலாம். ஓட்டையும் தலையையும் வறுத்துக் கொதிக்கவைத்தால் சூப்புக்கு ஸ்டாக் (கொதித்த சாறு) கிடைக்கும், கொஞ்சம் பணம் திரும்பும். இதெல்லாம் மெனு அச்சாகும் முன்னால் யோசிக்க வேண்டியது.

ஏன் எரிச்சல் என்றால், இது தெரியாத விஷயமே இல்லை. ஈல்டு, அதாவது சுத்தம் செய்து சமைத்தபின் மிஞ்சும் அளவு, என்று பாடத்தில் இருக்கிறது, தேர்வில் எழுதி மார்க்கும் வாங்குகிறார்கள். ஆனால் கல்லூரி செய்முறை ஜர்னலில் ரெசிபிக்குப் பக்கத்தில் பில் விலையை எழுதிப் பெருக்கினால் போதும், டிக் விழுந்துவிடும். அந்தப் பழக்கம் அப்படியே வேலைக்கும் வருகிறது. காலிஃபிளவரில் தண்டும் இலையும் போகும். அன்னாசியில் தோலும் நடுத்தண்டும் போனால் பாதிதான் மிஞ்சும். மட்டன் வெந்தால் சுருங்கும். அரிசி மட்டும் நேர்மாறு: ஒரு கிலோ வடித்தால் இரண்டரை, மூன்று கிலோ சோறு. இதை மறந்து ஆளுக்கு 250 கிராம் அரிசி என்று பேங்க்வெட்டுக்கு உலை வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மறுநாள் ஸ்டாஃப் கேன்டீன் முழுக்க லெமன் சாதம்.

ட்ரெயினிங்கில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும் முன் எடை, பின் எடை, தேதி. உங்கள் கிச்சனில், உங்கள் கத்தியில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. இறாலின் அளவு மாறினாலே ஈல்டும் மாறும்; புத்தகத்து எண் ஒரு தோராயம்தான்.

வரியையும் விற்பனையில் சேர்ப்பது

கெஸ்ட்டுக்குக் கொடுக்கும் பில்லின் அடியில் இருக்கும் ஜிஎஸ்டி அரசாங்கத்துடைய பணம். அதைக் கழித்துவிட்டு ஃபுட் காஸ்ட் பாருங்கள்.

பாரில் கண்ணளவில் ஊற்றுவது

750 மில்லி பாட்டிலில் 30 மில்லி பெக் 25 வரும். கை தாராளமாகி 35 ஆனால் 21தான். ஒரு பாட்டிலுக்கு நான்கு பெக் காணாமல் போகிறது, அதுவும் யாரும் திருடாமலே. ஜிக்கரை (அளவுக் கிண்ணத்தை) எடுங்கள். ஸ்டைல் அப்புறம்.

லாக் புக்கை (ட்ரெயினிங் குறிப்பேட்டை) கடைசி ராத்திரி எழுதுவது

படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

ஷூவில் சிக்கனம்

வேண்டாம்.

கப்பல் வேலைக்கு ஏஜென்டிடம் பணம் கட்டுவது

குரூஸ் கப்பல் ஆசை தப்பில்லை, சம்பளமும் நல்லதுதான். ஆனால் இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் ஆர்பிஎஸ்எல் எனும் ஆள் சேர்ப்பு உரிமம் வாங்கியிருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்கென்று உங்களிடம் கட்டணம் வசூலிக்கவும் கூடாது. கப்பல் ஊழியர்களுக்குரிய எஸ்டிசிடபிள்யூ பாதுகாப்புப் பயிற்சிக்கான செலவு வேறு. அதை அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் நேரடியாகக் கட்டலாம். "முன்பணம் கொடு, சீட் உறுதி" என்று ஒருவர் சொன்னால், உரிம எண்ணைக் கேட்டு வாங்கி இயக்குநரகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எண் கொடுக்கத் தயங்குகிறாரா, எழுந்து வந்துவிடுங்கள்.