பிள்ளையின் வாயை அடைத்துவிடும் தவறுகள்

மார்ச் வந்தால் ரங்கூனில் பள்ளிகளுக்கு விடுமுறை. கோயில் மண்டபத்தில் பாய் விரித்து, கரும்பலகையைத் தூணில் சாய்த்துத் தமிழ் வகுப்பைத் தொடங்கிவிடுவோம். இந்த வருடம் பாடம் எடுக்க நான்கு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள். பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். 22 வருடங்களுக்கு முன் நான் செய்ததையே, கிட்டத்தட்ட என் குரலிலேயே செய்கிறார்கள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அடிக்காதே, காதைத் திருகாதே, முட்டி போட வைக்காதே என்பதெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கையை ஓங்காமலே செய்கிற கெடுதல்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எழுப்பி நிற்க வைத்துத் திருத்துவது

ஒரு பையன், ஒன்பது வயது. 'ரயில்' என்று வாசிக்க வேண்டிய இடத்தில் 'யயில்' என்றான். எழுந்து நிற்கச் சொன்னேன். "நாக்கை மேலே தூக்கு, திரும்பச் சொல்லு." பத்து தடவை சொல்ல வைத்தேன். அதற்குள் மற்ற பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. வெட்கப்பட்டால் திருத்திக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவன் சோம்பலால் அப்படிச் சொல்லவில்லை. பர்மிய மொழியில் ர என்று எழுதுவதைப் பெரும்பாலும் ய என்றுதான் சொல்வார்கள். ஊர்ப் பெயரையே பாருங்கள். நம் தாத்தாக்களுக்கு ரங்கூன், பர்மியருக்கு யாங்கோன். சொல்லின் கடைசியில் வரும் மெய்யும் அப்படித்தான். பர்மிய மொழியில் ஒரு சொல் உயிரொலியில் முடியும், இல்லையென்றால் மூக்கில் முடியும், இல்லையென்றால் தொண்டையில் சட்டென்று நின்றுவிடும். எழுத்தில் க், த், ப் இருந்தாலும் வாய்க்கு வராது. அதனால்தான் நம் பிள்ளைகளுக்குப் 'பால்' வெறும் 'பா'வாகிறது. நமக்கு மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இருக்கிற மாதிரி அவர்கள் நெடுங்கணக்கிலும் பெரிய ந, சின்ன ந என்று இரண்டு உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வருடத்தில் ஒன்பது மாதம் பள்ளியில் இப்படிப் பழகிய நாக்கை ஒரு காலை வகுப்பில் மிரட்டி வளைக்கப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அவன் தானாக வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது மட்டும் தலையை ஆட்டிச் சத்தமாகச் சொன்னான். அதற்கடுத்த வாரம் தனியாகவே வாசித்தான், தடுமாறாமல். கண்டித்தது வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. விடுமுறை முடிய ஒரு வாரம் இருந்தபோது, அவசரத்தில் வேறு பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்துவிட்டு "வாசி" என்றேன். விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டே, போன வாரப் பாடத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான்.

அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே தெரிந்திருக்கவில்லை. அந்த இரண்டரை மாதத்தில் பக்கத்தில் இருப்பவர்களின் குரலைக் கேட்டு மனப்பாடம் செய்யவும், விரலை நேரத்துக்கு நகர்த்தவும் பழகியிருந்தான். என்னிடம் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு அந்தப் பிள்ளை உழைத்த உழைப்பில் பாதி போதும், தமிழ் வாசிக்கக் கற்றிருப்பான்.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். கடுமையாக நடந்துகொண்டால் பிள்ளையின் தவறு போய்விடாது. நம் கண்ணிலிருந்து மட்டும்தான் போகும். எங்கே தடுக்குகிறான் என்று தெரிந்தால்தானே சொல்லிக்கொடுக்க முடியும்? அதைக் காட்டுவதற்கே பயப்பட வைத்துவிட்டு எதைத் திருத்துவது? வாசிக்கத் தொடங்குகிற பிள்ளை எழுத்தை அடையாளம் காண வேண்டும், ஒலியைக் கூட்ட வேண்டும், முன்னால் வந்த எழுத்தை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். அதற்கே மனசில் இடம் போதாது. டீச்சர் முகம் எப்படி இருக்கிறது என்ற கவலையும் சேர்ந்தால், தெரிந்த எழுத்தும் அந்த நேரத்தில் மறந்துபோகும். நாம் உடனே "நேற்றுச் சொன்னாயே, இன்னைக்கு என்ன வந்தது?" என்று இன்னும் ஒரு சத்தம் போடுகிறோம்.

அடுத்த விடுமுறைக்கு அவன் வரவில்லை. போன வருடம் அவனை ஒரு கைபேசிக் கடையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து, பர்மியப் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, 'சயாமா' (பர்மிய மொழியில் டீச்சர்) என்று மரியாதையாகப் பேசினான். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பர்மிய மொழியில் பதில் சொன்னான்.

பர்மியப் பள்ளியில் ஆசிரியர் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பிள்ளை மறுநாள் போய்த்தான் ஆக வேண்டும். பரீட்சை இருக்கிறது. நம்மிடம் பரீட்சையும் கிடையாது, சான்றிதழால் வேலையும் கிடையாது. 1964-ல் கடைகளை அரசுடைமையாக்கினார்கள், அந்த வருடங்களில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பிப் போனார்கள், தனியார் பள்ளிகளும் அரசு கைக்குப் போயின. அதற்குப் பிறகு இங்கே தமிழ் எழுத்துக்குக் கோயிலையும் வீட்டையும் விட்டால் இடமில்லை. நம் வகுப்பிலிருந்து நின்றுபோகிற பிள்ளைக்கு வேறு வகுப்பு எங்கே இருக்கிறது?

சரி, 'யயில்' என்றால் என்ன செய்வது? அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். வரி முடியட்டும். பிறகு நீங்கள் ஒரு தடவை அதே வரியைச் சரியாக, சாதாரணக் குரலில் வாசியுங்கள். நாக்குப் பயிற்சி வேண்டுமானால் எல்லாரையும் சேர்த்து விளையாட்டாகச் செய்யுங்கள். 'ரேடியோ' என்பதை ர-வோடு சொல்லிக் கேட்ட பிள்ளைகள் நிறைய, அதிலிருந்து தொடங்கலாம். ஒலி படிய மாதக்கணக்கில் ஆகும். எழுத்து தெரிகிறதா என்பது வேறு கேள்வி, ஒலி வருகிறதா என்பது வேறு கேள்வி. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டேன்.

வீட்டுத் தமிழைக் கொச்சை என்று விரட்டுவது

புதிதாக வந்த தம்பி ஒருவர், 'பாலு' என்று சொன்ன சின்னப் பெண்ணைப் "பாலு இல்லை, பால்! அது கொச்சை" என்று அதட்டினார். அவள் உடனே 'பா' என்றாள், அப்புறம் பேசவே இல்லை.

அந்த 'பாலு' நமக்குக் கிடைத்த வரம். கடைசி மெய்யைச் சொல்ல வராத பிள்ளைக்குப் பின்னால் ஒரு உகரம் இருந்தால் ல் தானாக வந்துவிடும். கல்லு, பல்லு, கண்ணு, மண்ணு என்று பாட்டி பேசுவது முழுக்க அப்படித்தானே? அதைச் சொல்ல விட்டு, 'பாலிருக்கு', 'கல்லிருக்கு' என்று பழக்கி, மெதுவாக உகரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தால் 'பால்' வந்து நிற்கும். வீட்டில் பேசுகிறதைத் திட்டினால், பிள்ளைக்கு இருக்கிற ஒரே படியையும் உருவிவிட்டு ஏறு என்கிறோம்.

அமைதியைப் புரிதல் என்று எடுத்துக்கொள்வது

புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐந்தை ஒரே வரிசையில் வைத்து வணங்குகிற நாடு இது. நாமும் மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வளர்ந்தவர்கள். இரண்டும் சேர்ந்த பிள்ளை ஆசிரியரைப் பார்த்து "புரியலை" என்று லேசில் சொல்லாது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள். "இதில் எந்த எழுத்து கஷ்டமாக இருக்கு, விரல் வைத்துக் காட்டு" என்று கேளுங்கள்.

எழுதுவதைத் தண்டனையாகக் கொடுப்பது

ஐம்பது தடவை எழுதிய சொல்லைப் பிள்ளை வெறுக்கும்.

பெற்றோர் சொல்கிறார்களே என்று இணங்கிவிடுவது

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். பாசத்தில் சொல்வதுதான். பிள்ளை முன்னாலேயே "அதெல்லாம் வேண்டியதில்லைம்மா, நல்லாப் படிக்கிறான்" என்று சொல்லுங்கள்.

நாங்கள் அடி வாங்கித்தானே படித்தோம் என்பது

நானும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் மரக்கோலால் விரல் மூட்டில் தட்டுவார். எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். இன்றைக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேர்தான் "அடி வாங்கிப் படித்தோம்" என்று பேசுகிறோம். மற்ற ஒன்பது பேரை யாரும் கேட்டதில்லை. நான் படித்ததும் கோலால் இல்லை. கண் மங்கிய ஆயாவுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். தப்பாக வாசித்தால் சிரித்துக்கொண்டே "என்னது, மறுபடி படிம்மா" என்பார்.

கண்டிப்பையும் விட்டுவிடுவது

இதுவும் தவறுதான். ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. நோட்டுப் புத்தகம் ஒவ்வொரு நாளும் பார்க்கப்பட வேண்டும். ஒருவன் வாசிக்கும்போது இன்னொருவன் சிரித்தால், அங்கே குரலை உயர்த்துங்கள். அன்றைக்கு நான் உயர்த்தியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

கடைசி வாரத்தில் சோதிப்பது

நான் செய்தது. இரண்டாவது வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, மண்டபத்து ஓரத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, இதுவரை நடத்தாத ஒரு பக்கத்தைப் பிரித்து இரண்டு வரி வாசிக்கச் சொல்லுங்கள். எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். தெரியாத எழுத்து வந்தால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது நீங்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.