சூத்தைப்பல் கணக்கில் பூச்சியங்கள் கூடினால் என்ன செய்வது?

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பல் பரிசோதனை நாள். மர நிழலில் கதிரை போட்டாயிற்று. பிள்ளை வாயைத் திறக்க ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்துச் சொல்கிறார், மற்றவர் கொப்பியில் எழுதுகிறார்: 0, 0, 3, 0, 7, 0, 1. வெறும் சராசரியை மட்டும் எடுத்தால் அந்த 7 பல் சூத்தையான பிள்ளை கணக்கில் காணாமல் போய்விடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, சரியாக எண்ணுவது. சூத்தையானது, சூத்தையால் பிடுங்கியது, அடைத்தது மூன்றையும் கூட்டுங்கள். 1938இல் கிளைன், பாமர், நட்சன் மூவரும் தந்த வழி இது. தானாக விழுந்த பாற்பல்லைச் சேர்க்க வேண்டாம். வவுனியாப் பக்கம் சில கிணறுகளில் புளோரைட் கூட; அதனால் வரும் பற்கறையும் சூத்தை அல்ல.

அடுத்தது பூச்சியச் சோதனை. பழகுவதற்காக 100 பிள்ளைகள், மொத்தம் 120 சூத்தைப்பற்கள், 40 பேருக்கு ஒன்றுமே இல்லை என்று வைப்போம். சராசரி 1.2. கல்குலேட்டரில் ஈ-யின் (e) அடுக்கு -1.2 அழுத்தினால் 0.301. எல்லாருக்கும் ஒரே சராசரியில் தற்செயலாக வருவதாக வைத்து எண்ணும் பொய்சோன் பரம்பல் எதிர்பார்ப்பது 30 பூச்சியங்கள். கையில் இருப்பது 40.

உடனே பெரிய கணித மாதிரிக்குப் பாய வேண்டாம். மாறற்றிறன், அதாவது எண்களின் சிதறல் அளவு, சராசரியைவிட நன்றாகக் கூடியிருந்தால், பொய்சோனைவிடக் கூடிய சிதறலுக்கு இடம் தரும் மறை ஈருறுப்பு மாதிரியை முதலில் போட்டுப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதும்.

போதாவிட்டால் பூச்சியம் மிகுந்த பொய்சோன். 1992இல் டயான் லாம்பர்ட் தொழிற்சாலைக் குறைபாடுகளை எண்ணுவதற்காக விளக்கிய மாதிரி. பூச்சியம் இரண்டு வழியால் வரும் என்கிறது: சூத்தையே வராத கூட்டம் ஒன்று, வரக்கூடியதாயிருந்தும் இம்முறை தப்பியவர்கள் இன்னொன்று. நமது கணக்கில் வரக்கூடியவர்களின் சராசரி ஏறத்தாழ 1.59, 40 பூச்சியங்களில் 25 சூத்தையே வராத கூட்டம், 15 தப்பியவை. அந்த 25 பேர் யார் யாரென்று பெயர் குறிக்க முடியாது. அவர்களைப் பரிசோதனையிலிருந்து விலக்குவது பெரும் பிழை.

பல்லைப் பொறுத்தவரை எனக்குத் தடைதாண்டல் மாதிரிதான் பிடிக்கும். எந்தப் பிள்ளைக்கும் சூத்தை வரலாம் அல்லவா? அது கேட்பது இரண்டே கேள்வி: சூத்தை உண்டா, இல்லையா? உண்டென்றால் எத்தனை? வீட்டுக் கிணறு, இனிப்பு, பல் துலக்குதல் மூன்றையும் இரண்டு பகுதியிலும் இடுங்கள். முதற் சூத்தையைத் தடுப்பது ஒன்றாகவும், சூத்தை பெருகாமல் காப்பது வேறொன்றாகவும் வரக்கூடும்.

புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) மென்பொருளின் பிஎஸ்சிஎல் (pscl) பொதியில் பூச்சியம் மிகுந்த மாதிரி, தடைதாண்டல் மாதிரி இரண்டுக்கும் கட்டளை உண்டு. ஓட்டியபின் ஒவ்வொரு மாதிரியும் எத்தனை 0, எத்தனை 7 எதிர்பார்க்கிறது என்று கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.