புள்ளி மங்கிய திரையைச் சரிசெய்த என் அனுபவம்

மொரீசியஸின் ரோஸ்ஹில்லில், தைப்பூசக் காவடிக்கான கோயில் அறிவிப்பைத் தமிழில் தட்டச்சு செய்வதற்காக, போர்ட் லூயிஸ் கடையொன்றில் 21.5 அங்குலக் கணினித் திரை ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கினேன். வீட்டில் பொருத்திப் பார்த்தபோது, ‘க்’ என்ற எழுத்தின் புள்ளி கரைந்து ‘க’ போலவே தெரிந்ததால், திரையே பழுது என்று மனம் நொந்துபோனேன்.

உண்மையில், என் பழைய கணினி 1366 × 768 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி) அளவில்தான் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. திரையிலோ 1920 × 1080 பிக்சல்கள் உள்ளன. எல்சிடி திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை மாறாதது என்பதால், சிறிய படத்தை இழுத்து நிரப்பும்போது ஒரு பிக்சலின் நிறம் அடுத்ததிலும் கசிந்து, எழுத்தின் விளிம்பு மங்கிவிடுகிறது. அமைப்பில் 1920 × 1080 எனத் தேர்ந்தெடுத்ததும் பெரும்பகுதி தெளிந்தது. எழுத்தோரத்தில் எஞ்சியிருந்த மெல்லிய நிழல், பழைய வகை விஜிஏ கேபிளை எடுத்துவிட்டு, படத்தை டிஜிட்டலாகவே அனுப்பும் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிய பின் மறைந்தது. எழுத்துகள் சிறுத்துவிட்டதால், விண்டோஸ் அமைப்பில் 125 விழுக்காடாகப் பெரிதாக்கிக்கொண்டேன்.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறுவது மட்டும் தீரவில்லை; அது டிஎன் எனப்படும் மலிவான எல்சிடி வகைத் திரையின் இயல்பு. சற்றுக் கூடுதலாகச் செலவழித்து பக்கவாட்டிலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகையை வாங்கியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆயினும் நேராக அமர்ந்து பார்க்கையில், ‘முருகன்’ என்ற சொல்லின் கடைசிப் புள்ளி இப்போது அச்சில் வார்த்தாற்போல் நிற்கிறது.